கப்பல் நின்ற பிறகு
(நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் எழுபதுகளின் மாணவியர் சார்பில் ஆற்றிய உரை)



இந்தப் பாடசாலையின் பழைய மாணவிகள் என்றால் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இருப்பவர்கள் மட்டுமல்லர். கடல் கடந்து போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களை ஏற்றிச் சென்ற கப்பலைப் பற்றிப் பேச எங்களுக்குச் சில நிமிடங்கள் தாருங்கள்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914ஆம் ஆண்டு நீராவிக் கப்பல் சேவை தொடங்கியது. அதற்கு முன்பு நம் முன்னோர் தோணிகளில் வந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மலையேறினார்கள். 1964 டிசெம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன் பின்னர் கப்பல் இராமேஸ்வரத்துக்குப் போய் வந்தது. நாங்கள் பெயர் கேட்டு வளர்ந்தது 'இராமானுஜம்' கப்பல்.

புயலுக்கு இரண்டு மாதம் முன்னர், 1964 ஒக்டோபர் 30இல், சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர்களாக இருந்த 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பங்கிட்டன. லயத்தில் இருந்த எவரையும் கேட்டு இந்தக் கணக்குப் போடப்படவில்லை.

அந்தக் கணக்கு எங்கள் வகுப்பறைக்குள்ளும் வந்தது. மணமான அக்கா புருஷன் வீட்டு விண்ணப்பத்தோடு இங்கே நின்றாள்; தங்கை தாய் தகப்பனோடு இந்தியாவுக்குப் போனாள். தவணை தொடங்கும்போது வாங்கு ஒன்று காலியாக இருக்கும். இடாப்பில் அந்தப் பெயருக்கு நேரே கோடு விழும். விடுகைப் பத்திரம் வாங்க வந்த தகப்பன்மார் அதை வேட்டி மடிப்பில் பத்திரப்படுத்திக்கொண்டு போனார்கள். அந்தக் கோச்சியை மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே சொன்னார்கள். ஸ்டேசனில் ஏறியவர்களும் அழுதார்கள், நின்றவர்களும் அழுதார்கள்.

போனவர்கள் எல்லோரும் விரும்பிப் போகவில்லை. விரும்பாமல் போனவர்கள் மட்டுமே என்றும் சொல்ல முடியாது. எழுபதுகளின் நடுவில் வந்த பஞ்சம் தோட்டங்களை உலுக்கியது. 1977, 1981, 1983 வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டங்களும் அடிபட்டன. பயத்தில் வன்னிக்குப் போன குடும்பங்களும் உண்டு, கப்பலேறிய குடும்பங்களும் உண்டு.

அக்கரையில் முதலில் மண்டபம் முகாம். அங்கிருந்து சிலர் நீலகிரியில் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். றப்பர் பால் வெட்டப் பழகிய நம் பகுதியாருக்குக் கேரளத்துப் புனலூரிலும் கர்நாடகத்துச் சுள்ளியாவிலும் றப்பர்த் தோட்டங்கள் இருந்தன. இங்கே 'இந்தியாக்காரர்' என்று சொல்லப்பட்டவர்கள், அங்கே 'சிலோன்காரர்' ஆனார்கள்.

1984இல், போர்ச் சூழலில், கப்பல் சேவை நின்றது. எழுபது ஆண்டு ஓட்டம் முடிந்தது. பயணக் கடவுச்சீட்டு வாங்கி, பெட்டி கட்டி வைத்திருந்த பல்லாயிரம் பேர் இங்கேயே தங்கிவிட்டார்கள். கட்டிய பெட்டியை அவிழ்த்து மறுநாள் பிரட்டுக்குப் போனவர்களும் அவர்களில் இருந்தார்கள். அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இந்த நாட்டுப் பிரஜைகளாவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே மறுபடி கப்பல் ஓடத் தொடங்கியது. அது உல்லாசப் பயணிகளுக்கும் வியாபாரிகளுக்கும் உதவும், நல்லது. நமக்கு அதைவிட அவசரமான ஒரு வேலை இருக்கிறது. எங்களோடு படித்தவர்களுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல். இன்னும் பத்து வருடம் போனால் யாரைத் தேடுவது, யாரிடம் கேட்பது?

ஆகவே சங்கத்திடம் எங்கள் வேண்டுகோள் இது. பழைய சேர்வு இடாப்புகளைக் கறையான் தின்னும் முன்னர் படி எடுத்து வையுங்கள். கோடு விழுந்த பெயர்களை ஆண்டுவாரியாக ஒரு பட்டியலாக்குங்கள். இம்மலரைக் கூடலூரிலோ, கோத்தகிரியிலோ, புனலூரிலோ, சுள்ளியாவிலோ யாராவது கையில் எடுத்தால், உங்கள் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். சந்தாவைப் பற்றி யோசிக்க வேண்டாம். ஒரு வருடம் படித்திருந்தாலும் நீங்கள் பழைய மாணவிதான்.

இடாப்பில் கோடு போட்டது, வகுப்பை விட்டுப் போனதைக் குறிக்கத்தான். பாடசாலைக்கு நீங்கள் இல்லையென்று ஆகிவிட்டதாக அதற்கு அர்த்தம் இல்லை.