சறுக்குவதற்கு முன் நிற்கத் தெரிய வேண்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

எனக்கு முன்னால் பேசியவர்கள் கல்வி, நிர்வாகம், சமுதாயம் என்று பெரிய விஷயங்களைப் பேசினார்கள். நான் இங்கே இயற்பியல் படித்துவிட்டு, குன்னூரில் மோட்டார் பட்டறை வைத்தவன். எனக்குத் தெரிந்தது வண்டி ஒன்றுதான். ஆகவே அதைப் பற்றியே பேசுகிறேன். தலைப்பு: பழைய காரை ‘டிரிஃப்டிங்’ என்கிற சறுக்கல் ஓட்டத்துக்குத் தயார் செய்வது எப்படி?

பெரியவர்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. காரணம் இருக்குதுங்க. கொஞ்ச நாளாக நம் மலைப்பாதை வளைவுகளில் கருப்பாக டயர் தடங்கள் தெரிகின்றன. பிரேக் பிடித்த தடம் பெரும்பாலும் நேராக இருக்கும். இது அரிவாள் மாதிரி வளைந்திருக்கிறது. பட்டறைக்காரன் கண்ணுக்கு அது தப்பாது. அதோடு, இந்தக் கூட்டத்தில் இருக்கிற சில தம்பிகள் என்னிடம் வந்து, “அண்ணே, எஸ்டேட் ஷெட்டுல பழைய காண்டெஸா ஒண்ணு கிடக்குது. டிஃபரன்ஷியலை மட்டும் வெல்டிங் வெச்சுக் குடுங்க” என்று கேட்டார்கள். திட்டி அனுப்பினால் அடுத்த பட்டறைக்குப் போவார்கள். அதைவிட முழுசாகச் சொல்லிவிடுவதே மேல் என்று தோன்றியது.

முதலில் டிரிஃப்டிங் என்றால் என்ன? ஒரு டயருக்குத் தரையைப் பிடிக்கும் சக்தி மாதச் சம்பளம் மாதிரி. அளவு அவ்வளவுதான். அந்தப் பிடிப்பில்தான் வண்டியை முன்னே தள்ளவும் வேண்டும், வளைவில் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தவும் வேண்டும். பின்சக்கரத்துக்கு எஞ்சின் அதிக விசை கொடுத்தால் சம்பளம் முழுக்க அதிலேயே தீர்ந்துவிடும். பக்கவாட்டுக்கு மிச்சம் இல்லை. வண்டியின் பின்பக்கம் வெளியே சறுக்கும். அப்போது ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பி, ஆக்சிலரேட்டரை அளந்து கொடுத்து, அந்தச் சறுக்கலையே கட்டுப்பாட்டில் வைத்து ஓட்டுவதுதான் டிரிஃப்டிங். இங்கே நியூட்டன் விதி படித்தவர்களுக்கு இதில் மர்மம் ஒன்றுமில்லை.

இதை வளர்த்தவர்கள் ஜப்பான்காரர்கள். 1970-களில் குனிமிட்சு தகாஹாஷி என்ற பந்தய ஓட்டுநர் இந்தப் பாணியில் பெயர் வாங்கினார். அவரைப் பார்த்து உற்சாகம் அடைந்த கெய்ச்சி சுச்சியா அதை உலகறியச் செய்தார். அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது டொயோட்டாவின் ஏஇ86 என்ற கார். 1983 முதல் 1987 வரை வந்த சாதாரணக் கொரோலா வகைதான். 1,587 சி.சி. எஞ்சின், எடை குறைவு, பின்சக்கர இழுவை. பெரிய குதிரைசக்தி கிடையாது. ஜப்பானிலும் இது நம் ஊர் மாதிரி மலை வளைவுகளில்தான் பரவியது. ஆனால் அங்கேயே நின்றுவிடவில்லை. 2000-க்குப் பிறகு டி1 கிராண்ட் பிரி என்ற முறையான போட்டியாகி, மூடிய களத்துக்குள் போனது. 2017-இல் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. டோக்கியோவில் இதற்கென்றே சர்வதேசக் கோப்பையை நடத்தியது. மலையில் பிறந்த விளையாட்டு களத்துக்குப் போன பிறகுதான் அதற்கு மரியாதை வந்தது. தம்பிகள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் அந்தக் காலத்தில் ஸ்போர்ட்ஸ் கார் என்று கடையில் போய் வாங்க முடியாது. ஆனால் பின்சக்கர இழுவைக் கார்கள் இருந்தன. அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, 118 என்.இ., காண்டெஸா. மாருதி 800 வந்த பிறகு முன்சக்கர இழுவைதான் ஊரெங்கும் பரவியது. அது இந்த வேலைக்கு ஆகாது. பழைய வண்டிகளில் பொருத்தமானது இங்கிலாந்தின் வாக்ஸால் காரை மூலமாகக் கொண்ட காண்டெஸாதான். 1984-இல் வந்து 2002-இல் உற்பத்தி நின்றது. ஆரம்பத்தில் 1,489 சி.சி. எஞ்சின். அது வண்டியின் எடைக்குப் போதாது. பிறகு வந்த 1.8 லிட்டர் இசுஸு எஞ்சின் வண்டிதான் எல்லாரும் தேடுவது.

சரி, அப்படி ஒரு வண்டி கிடைத்துவிட்டது. எங்கே ஆரம்பிப்பது? எஞ்சினிலா? டிஃபரன்ஷியலிலா? இரண்டும் இல்லை. துருவில்!

நீலகிரியில் மழையும் மூடுபனியும் வண்டியை அடியிலிருந்து தின்னும். காண்டெஸாவுக்குத் தனியாகச் சேஸ் கிடையாது. பாடிதான் சேஸ். மேலே பட்டி தடவிப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும். கீழே ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே போகும். வண்டி சறுக்கும்போது பக்கவாட்டு விசை முழுவதும் சஸ்பென்ஷன் பாடியைப் பிடித்திருக்கும் இடங்களுக்கு வரும். அந்த இடத்தில் துரு இருந்தால், டிங்கரிங் வேலை முடியும்வரை வேறெதையும் தொடக் கூடாது.

இரண்டாவது பிரேக். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. வருஷக்கணக்கில் நின்ற வண்டியில் அது பாதி தண்ணீர் மாதிரிதான். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவியை அழுத்தினால் சுருங்கும். பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிற்காது. ஆகவே ஆயிலை முழுசாக வடித்து மாற்றணும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் கிட், ரப்பர் ஹோஸ் எல்லாம் புதுசு போடணும். ஹேண்ட் பிரேக் கேபிளும் பின் டிரம்மும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்கணும். டிரிஃப்டிங்கில் பின்பக்கத்தைக் கிளப்ப ஹேண்ட் பிரேக்கும் ஒரு கருவி.

மூன்றாவது ஸ்டியரிங்கும் சஸ்பென்ஷனும். பால் ஜாயிண்ட், டை ராடு எண்டு, புஷ், வீல் பேரிங், ஷாக் அப்சார்பர். இவற்றில் ஆட்டம் இருந்தால் நீங்கள் திருப்புவது ஒன்று, சக்கரம் திரும்புவது ஒன்று. பிறகு அலைன்மெண்ட். புரொப்பல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் கிராஸையும் பார்க்கணும். உதிரி பாகங்களுக்குப் பொறுமை வேண்டும். சென்னை புதுப்பேட்டைக்கு நாலு நடை நடக்கத் தயாராக இருங்கள்.

நான்காவது, நம் மலைக்காரர்களுக்கே உரிய பிரச்சினை. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். கோவையைவிட இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைவதால் கார்புரேட்டர் வண்டி பெட்ரோலை அதிகம் குடித்துக் கரும்புகை விடும். உடனே சின்ன ஜெட் போட்டுச் சரி செய்வோம். அதே ஜெட்டோடு கோவைக்கு இறங்கிக் களத்தில் முழு வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. எஞ்சின் கொதித்துப் பிஸ்டனே உருகலாம். ஆகவே ஓடப்போகிற ஊரில்தான் ட்யூனிங் செய்யணும். ரேடியேட்டரும் அப்படித்தான். ஊட்டிக் குளிரில் பாதி அடைத்த ரேடியேட்டரும் சமாளிக்கும். கோவை வெயிலில் ஒரே வளைவைத் திரும்பத் திரும்பச் சுற்றும்போது குட்டு வெளிப்படும்.

ஐந்தாவது, ஓட்டுகிறவன். உடம்பைப் பிடித்து வைக்கும் சீட், நாலு இடத்தில் கட்டும் பெல்ட், ஹெல்மெட், கைக்கெட்டும் தூரத்தில் தீயணைப்பான். பேட்டரியைக் கயிற்றால் கட்டாமல் கிளாம்ப் போட்டு இறுக்கணும். பழைய பெட்ரோல் குழாயை மாற்றணும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் தம்பிகள் முதலில் கேட்ட டிஃபரன்ஷியல். அதன் வேலை என்ன? வளைவில் வெளிச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள் சக்கரம் குறைவாக ஓடணும். அந்த வித்தியாசத்தை அது அனுமதிக்கிறது. சறுக்கும்போது எடை குறைந்த உள் சக்கரம் மட்டும் வீணாகச் சுழலும். டிரிஃப்ட் நிற்காது. அதனால் ஸ்டார் பினியனை வெல்டிங் வைத்து இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகக் கட்டுகிறார்கள். செலவு குறைவு, உண்மைதான். ஆனால் அந்த வண்டி மெதுவான கொண்டை ஊசி வளைவில் திரும்ப மறுத்து நேராகப் போகப் பார்க்கும். ரோடு ஈரமாக இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் பின்பக்கம் விலகும். வெல்டிங் விட்டுப்போனால் உடைந்த துண்டு உள்ளே சிக்கி ஹவுசிங் இறுகும். முறுக்கு தாங்காமல் ஆக்சில் ஷாஃப்ட் முறியலாம். பல கார்களில் சக்கரத்தைப் பிடித்திருப்பதே அந்த ஷாஃப்ட்தான். களத்தில் இது நடந்தால் வண்டி புல்லில் போய் நிற்கும். மேட்டுப்பாளையம்–குன்னூர் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் நடந்தால்? கல்லட்டிப் பாதையின் 36 வளைவுகளில் நடந்தால்? நான் விளக்க வேண்டியதில்லை.

அதனால் வெல்டிங் வைத்த வண்டி ரோட்டில் சக்கரம் படக் கூடாது. லாரியில் ஏற்றித்தான் கீழே கொண்டுபோகணும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் சொன்னதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 184-ஆவது பிரிவு அபாயகரமாக ஓட்டுவதற்கும், 189-ஆவது பிரிவு பொது இடத்தில் அனுமதியின்றிப் பந்தயம் விடுவதற்கும் தண்டனை தருகிறது. 2019-இல் செய்த திருத்தத்தில் இவை இன்னும் கடுமையாயின.

சட்டத்தை விடுங்க. அந்த வளைவில் யார் நடக்கிறார்கள் என்று பாருங்க. சாயங்காலம் கொழுந்து எடை போட்டுவிட்டு வரிசையாகத் திரும்புகிற பெண்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள். மூடுபனியில் பத்தடி தூரத்தில் திடீரென்று நிற்கிற காட்டெருமை. டிரிஃப்ட் செய்கிற கார் தன் நீளத்தையே அகலமாக்கிக்கொண்டு வருகிறது. ஏற்கெனவே குறுகலான நம் ரோட்டில் எதிரே வருகிற மினி பஸ்ஸுக்கு எங்கே இடம்? உங்கள் திறமை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் எதிரே வருகிறவருக்கு அதில் பயிற்சி இல்லையே!

பந்தயத்துக்கு நாம் அந்நியர்கள் இல்லை. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் பல பத்தாண்டுகள் கார்கள் சீறின. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான களம் வந்தது. கோவையின் கரிவர்தன், எளிய மாருதி எஞ்சினை வைத்தே பந்தயக் கார் கட்டி, குறைந்த செலவில் இளைஞர்களுக்கு வழிகாட்டினார். 1995-இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். அவர் பெயரில் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே 2003-இல் திறந்தது. அதே கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். இத்தனையும் நம் மலையடிவாரத்தில். மலையிறங்கி ஒரு நடை போனால் களம் இருக்கும்போது, மலை விளிம்பில் எதற்கு விளையாட்டு?

ஆகவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கட்டடத்துக்கும் கேடயத்துக்கும் பணம் சேர்க்கிறோம். இந்த ஆண்டு அதில் ஒரு பகுதியை ஒதுக்கி, முறையாக அனுமதி வாங்கி, தகுந்த பயிற்சியாளரை வைத்து, ஒருநாள் களத்தை வாடகைக்கு எடுப்போம். தரையைத் தண்ணீரால் நனைத்துவிட்டால் குறைந்த வேகத்திலேயே சறுக்கலைப் பழகலாம். டயரும் மிச்சம், உயிரும் மிச்சம். அப்படிப் பழகியவர்களுக்கு நம் மழைக்கால ரோட்டில் வண்டி தானாகச் சறுக்கும்போது பதறாமல் சமாளிக்கவும் தெரியும். மலையில் வாழ்கிற நமக்கு இது வெறும் விளையாட்டு இல்லை.

தம்பிகளுக்கு என் பங்காக ஒன்று. துருவிலிருந்து பெல்ட் வரை நான் சொன்ன ஐந்து வேலைகளையும் என் பட்டறையில், உங்கள் கையாலேயே, ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யலாம். கூலி வேண்டாம், சாமான் செலவு உங்களுடையது. களத்துக்கு நாள் குறித்த கடிதத்தைக் கொண்டுவாருங்கள். அன்றைக்கு டிஃபரன்ஷியலைக் கழற்றுவோம். அதற்கு முன்னால் மாட்டேன்.