மக்காச்சோளக் கணக்கும் உழவர் குரலும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியைச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்கா என்ற ஒரு நாட்டை மட்டும் சொல்லவில்லை. ஜாம்பியா, மலாவி, ஜிம்பாப்வே, மொசாம்பிக் எல்லாம் சேர்ந்த வட்டாரம் அது. அங்கே உழவர் அமைப்புகளும் வேளாண் கொள்கையை ஆராய்பவர்களும் ஏறத்தாழக் கால் நூற்றாண்டாகச் சேர்ந்து வேலை செய்துவருகிறார்கள். அந்தக் கூட்டைப் பற்றிப் பேச வேண்டுமானால் மக்காச்சோளத்தில்தான் தொடங்க வேண்டும். அந்த மக்களுக்கு அதுதான் சோறு. வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டிய களிக்கு ஜாம்பியாவில் ன்ஷிமா என்று பெயர், ஜிம்பாப்வேயில் சட்ஸா. வேறு எதைத் தின்றாலும் களி இல்லையென்றால் சாப்பிட்டதாகவே அவர்கள் நினைப்பதில்லை. அதன் விலை ஏறினாலும் இறங்கினாலும் அரசாங்கங்கள் ஆட்டம் காண்கின்றன.

மலாவியில் நடந்ததைக் கேளுங்கள். 2005-06 பருவத்தில் அரசு பெரிய அளவில் உர மானியம் கொடுக்கத் தொடங்கியது. 2007 அறுவடை ஏறத்தாழ 34 லட்சம் டன் என்று அறிவித்தார்கள். பஞ்சத்துக்குப் பேர்போன நாடு உபரி நாடாகிவிட்டது என்று உலகமே பாராட்டியது. ஜிம்பாப்வேக்கு 4 லட்சம் டன் விற்க ஒப்பந்தமும் போட்டார்கள். ஆனால் அந்த ஆண்டு முடிவதற்குள் உள்ளூர்ச் சந்தையில் விலை ஏறத் தொடங்கியது. 2008 தொடக்கத்தில் ஏழை வீடுகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போயிற்று. களஞ்சியம் நிறைந்திருந்தால் விலை ஏன் ஏற வேண்டும்? விளைச்சல் மதிப்பீடே மிகையாக இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் பின்னால் எழுதினார்கள். அதற்கு ஆறு ஆண்டு முன்பு, 2001-02 பஞ்சத்தின்போதும் இதே கதைதான். மரவள்ளி போன்ற கிழங்குகள் ஏராளமாக விளைந்திருப்பதாகக் கணக்கு காட்டியது; நெருக்கடிக்கென்று வைத்திருந்த தானிய இருப்பு அதற்குள் விற்கப்பட்டுவிட்டது. மக்கள் செத்தார்கள்.

இந்த இரண்டு ஆண்டுகளையும் நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தன் நிலத்தில் எத்தனை மூட்டை கிடைத்தது என்பது ஒவ்வொரு உழவருக்கும் தெரியும். மலாவியில் 1997-இல் தொடங்கிய நாஸ்ஃபாம் என்ற சிறு உழவர் சங்கத்தில் பத்துப் பதினைந்து பேர் கொண்ட குழுக்கள் கிராமந்தோறும் இருக்கின்றன. அந்த அறிவு தலைநகர் லிலாங்வேயின் கோப்புக்குப் போய்ச் சேர ஒரு வழி வேண்டும். உழவர் அமைப்பும் ஆய்வு நிறுவனமும் சேர வேண்டியதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியாது.

ஆனால் சேர்ந்தாலே எல்லாம் நேராகிவிடும் என்று யாரும் எண்ண வேண்டாம். ஜாம்பியாவின் அனுபவம் இன்னும் சிக்கலானது. நேரத்தில் பெரும்பங்கை அதற்கே தர விரும்புகிறேன்.

அங்கே 1999-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம் உணவுப் பாதுகாப்பு ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. வேளாண் அமைச்சகமும், உழவர் சங்கம், மாவு ஆலைகள், வணிகர்கள் எல்லாம் கூடும் வேளாண் ஆலோசனை மன்றமும் அதில் கூட்டாளிகள். 2011-இல் அது ஜாம்பியர்களே நடத்தும் நிறுவனமாக உருமாறியது. பெயர் இண்டாபா வேளாண் கொள்கை ஆய்வு நிறுவனம், லுசாகாவில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான சிறு உழவர் வீடுகளில் இவர்கள் எடுத்த கணக்கு ஒரு கசப்பான உண்மையைச் சொன்னது. சிறு உழவர்கள் சந்தைக்குக் கொண்டுவரும் மக்காச்சோளத்தில் பாதி, அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடமிருந்து வருகிறது. பெரும்பாலோர் விற்பதே இல்லை, அல்லது விற்பதைவிட வாங்குவது அதிகம். காலில் சேறு படிந்த உழவர்தான். ஆனாலும் வீட்டு இருப்பு தீர்ந்துபோகும் ஜனவரியில் மாவு வாங்கக் கடைக்குப் போகிறவரும் அவர்தான்.

இனி உழவர் சங்கத்தின் இடத்திலிருந்து பாருங்கள். ஜாம்பியத் தேசிய உழவர் சங்கம் ஆயிரம் ஏக்கர்ப் பண்ணையாரையும் இரண்டு ஏக்கர்க்காரரையும் ஒரே குடையின் கீழ் வைத்திருக்கிறது. ஒவ்வொரு அறுவடையிலும் கொள்முதல் விலையை உயர்த்து என்று குரல் கொடுப்பது சங்கத்தின் கடமை; உறுப்பினர் எதிர்பார்ப்பதும் அதைத்தான். அரசின் உணவு இருப்பு முகமை 2011-இல் 17 லட்சம் டன்னுக்கு மேல் கொள்முதல் செய்தது. வைக்க இடமில்லாமல் ஒரு பகுதி வீணாயிற்று. உயர்ந்த விலையின் பலன் பெரும்பாலும் நிறைய விற்றவருக்கே போயிற்று என்று ஆய்வு சொல்கிறது. அப்படியானால் சங்கம் யாருக்காகப் பேசியது?

சங்கத்தைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. விலை விழுந்தால் விற்கிறவர் நொடிந்துபோவார், அடுத்த ஆண்டு விதைக்க மாட்டார், பிறகு வாங்குகிறவருக்கும் களி இருக்காது. சங்கத்தின் வாதத்தில் உயிர் இருக்கிறது. ஆனால் தன் கோரிக்கைக்கு எதிராகப் போகும் கணக்கையும் மேசைமேல் வைத்துப் பேசும் சங்கம்தான் அத்தனை உழவருக்கும் சங்கம். ஆய்வாளரும் அதேபோல, புள்ளிவிவரத்தை நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளக் கூடாது. விலையை உயர்த்தாமல் உழவர் வருமானத்தை எப்படி உயர்த்துவது என்ற அடுத்த கேள்விக்குச் சங்கத்தோடு உட்கார்ந்து விடை தேட வேண்டும்.

அப்படித் தேடியதன் பயன்களில் ஒன்று இறக்குமதி பற்றிய தெளிவு. வறட்சி ஆண்டில் அரசு மானிய விலையில் தானியம் கொண்டுவரப்போவதாக அறிவிக்கும். கொண்டுவராது, அல்லது காலம் தாழ்த்தும். அரசுச் சரக்கு மலிவாக வந்துவிட்டால் நட்டம் என்று அஞ்சித் தனியார் வணிகரும் கை கட்டி நிற்பார். இரண்டு பக்கமிருந்தும் தானியம் வராததால் விலை எகிறும். 2001-02-இலும் 2005-இலும் ஜாம்பியாவில் நடந்தது இதுதான். பயிரைக் கெடுத்தது வானம். விலையை ஏற்றியது தலைநகரின் தயக்கம்.

இன்னொன்று, உழவர் கையில் விலைச் செய்தி. 2006-இல் ஜாம்பிய உழவர் சங்கம் 4455 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பயிரின் விலையும் வாங்குபவர் விவரமும் கிடைக்கும்படி செய்தது. தரகர் சொன்னதே விலை என்றிருந்தவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் கிடைத்தது. எளிய ஏற்பாடுதான், ஆனால் பேரம் பேசும்போது குரல் மாறிவிடும்.

வட்டார அளவில் இதே வேலையைச் செய்வது 1997-இல் உருவான ஃபான்ர்பான் என்ற கொள்கை ஆய்வு வலையமைப்பு. பல ஆண்டுகள் அதற்குத் தலைமை தாங்கிய லிண்டிவே மஜேலே சிபாண்டா தாமே ஜிம்பாப்வேயில் மாடு வளர்க்கும் உழவர். அந்த அமைப்பு மலாவியிலும் மொசாம்பிக்கிலும் செய்த ஒரு காரியம் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. பெண் உழவர்களுக்கு நிலம், கடன், இடுபொருள், சந்தை ஏன் எட்டுவதில்லை என்ற ஆய்வை அவர்கள் நாடகமாக்கி ஊர்களில் நடித்தார்கள். நாடகம் முடிந்ததும் ஊர்த் தலைவர்களும் அதிகாரிகளும் பெண்களும் அங்கேயே விவாதித்தார்கள். அறிக்கையைப் படிக்க இயலாத பெண்ணும் ஆய்வு முடிவை மறுத்துப் பேசலாம், திருத்தலாம். மறுக்க முடிந்தவரைத்தான் கூட்டாளி என்று சொல்ல முடியும். தலைநகரின் நட்சத்திர விடுதியில் கருத்தரங்கு நடத்தி, இரண்டு உழவர் பிரதிநிதிகளை முன்வரிசையில் உட்காரவைத்துப் படம் எடுப்பதைக் கூட்டு என்று ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

கடைசியாகப் பணம். தென்னாப்பிரிக்கா என்ற நாட்டில் 1996-ஆம் ஆண்டு வேளாண் சந்தைச் சட்டத்துக்குப் பிறகு பழைய கட்டுப்பாட்டு வாரியங்கள் கலைக்கப்பட்டன. மக்காச்சோள வாரியத்தின் சொத்து ஓர் அறக்கட்டளைக்குப் போயிற்று; அதிலிருந்து ஆய்வுக்கும் சந்தைத் தகவலுக்கும் பணம் வருகிறது. எவ்வளவு தானியம் கிடங்குக்கு வந்தது, எவ்வளவு இருப்பு என்ற விவரம் முறையாக வெளியாகிறது. வாங்குபவரும் விற்பவரும் ஒரே எண்ணைப் பார்த்துப் பேசுகிறார்கள். 2004-இல் தொடங்கிய உணவு, வேளாண் கொள்கைப் பணியகம் ஆண்டுதோறும் பத்தாண்டு முன்னோக்கு வெளியிடுகிறது. அந்நாட்டின் வேளாண்மைக்குப் பெரும் பண்ணைகளின் பணபலம் உண்டு, நில அநீதியின் நீண்ட வரலாறும் உண்டு. அதை மறந்துவிட்டு அப்படியே மற்றவர்க்கு முன்மாதிரி காட்ட முடியாது. ஆனாலும் கேள்வி கேட்பவரே செலவுக்கும் கை கொடுப்பது அங்கே நடக்கிறது.

ஜாம்பியாவிலோ ஆய்வு நிறுவனத்தின் தொடக்க நிதி அமெரிக்காவின் யுஎஸ்எய்டிடமிருந்தும் சுவீடனின் சிடாவிடமிருந்தும் வந்தது. 2025-இல் யுஎஸ்எய்ட் மூடப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டுதான் எல் நினோ வறட்சியில் ஜாம்பியாவின் 22 லட்சம் ஹெக்டேர் மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 10 லட்சம் ஹெக்டேர் கருகிப்போனது. ஆய்வு மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் நன்கொடை நிற்கிறது. விற்கும் மூட்டை ஒன்றுக்குச் சில காசுகள் வீதம் சேர்த்து ஒரு நிதியை இப்போதே தொடங்கலாம் என்பது என் கருத்து. ஒரு நிபந்தனையும் உண்டு. மூட்டை விற்கிறவர் மட்டும் காசு போட்டால் ஆய்வின் கேள்வியும் அவர் பக்கமே சாயும். ஆகவே அதே அளவு பணத்தை அரசு தன் பங்காகப் போட வேண்டும். அந்தப் பணத்தின் பேரில் நிர்வாகக் குழுவில் அமரும் இடங்கள், ஜனவரியில் மாவு வாங்கும் உழவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, விதியாகவே எழுதிவைக்கப்பட வேண்டும்.