கணையாழியும் சூடாமணியும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



இராமாயணத்திலே நாம் அடிக்கடி கேட்டுப் பழகிய ஓர் இடம் உண்டு. மனைவி இலங்கையில் இருக்கிறாள். கணவன் கடலுக்கு அப்பால் இருக்கிறான். நடுவிலே தூதுவனாக அனுமன். இராமன் அவன் கையிலே கணையாழியைக் கொடுக்கிறான். தங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த சில சம்பவங்களையும் சொல்லி அனுப்புகிறான். அசோகவனத்திலே அவற்றைக் கேட்டு நம்பிய சீதை, அத்தோடு நின்றுவிடவில்லை. தன் பங்குக்குச் சூடாமணியை எடுத்துக் கொடுக்கிறாள். காகத்தின் கதையைச் சொல்லி, இதையும் போய்ச் சொல் என்கிறாள்.

நமது பிரசங்கிமார் இந்த இடத்திலே பிரிவுத் துயரைப் பேசுவார்கள். நான் இன்றைக்கு அத்தாட்சியைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கணையாழி மட்டும் போதும் என்று விட்டிருந்தால், திரும்பி வந்த அனுமனுடைய சொல்லை இராமன் எதைக்கொண்டு உறுதிசெய்வது? இரண்டு பக்கத்து அடையாளமும் சேர்ந்தபோதுதான் அந்தத் தூது முற்றுப்பெற்றது.

நான் சீனன்குடாவில் குடியிருக்கும் ஓர் இளைப்பாறிய இலிகிதன். திருகோணமலைத் துறைமுகத்தின் ஓரத்திலுள்ள எங்கள் ஊரை உங்களிற் பலர் எண்ணெய்த் தாங்கிகளாலும், விமானப்படைத் தளத்தினாலும், மா ஆலையினாலும் அறிவீர்கள். நானோ அதைக் கடதாசிகளால் அறிந்தவன். முன்பு என்னிடம் பெற்றிசம் எழுதுவிக்க வந்தவர்களுடைய பிள்ளைகள், இப்பொழுது 'ஸ்பொன்சர்' படிவங்களோடு வருகிறார்கள். கணவன் கனடாவில், மனைவி இங்கே. அல்லது மனைவி லண்டனில், கணவன் இங்கே. இவர்களை ஒரு கூரையின் கீழே சேர்த்து வைக்கிற கடதாசி வேலையை இருவரும் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

அகத்திணை படித்தவர்களுக்குத் தெரியும்: பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல். தலைவன் பொருள் தேடிப் போவான், தலைவி ஆற்றியிருப்பாள். ஆனால் இந்தக் காலத்து இருத்தல் ஓர் உத்தியோகம். சம்பளமில்லாத உத்தியோகம்.

அந்த உத்தியோகத்தைச் சற்றுப் பாருங்கள். பிறப்பத்தாட்சிப் பத்திரம், விவாகச் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் கடிதம், பொலிஸ் ரிப்போர்ட், மொழிபெயர்ப்பு, அதற்கு ஒப்பம். மருத்துவப் பரிசோதனைக்கும் கைரேகைக்கும் இரவு ரயிலிலே கொழும்புப் பயணம். இவற்றை எடுத்து முடித்த பின்னர்தான் உண்மையான கரைச்சல் தொடங்கும். தகப்பன் பெயரை ஒரு பத்திரத்தில் ஒருவிதமாகவும் இன்னொன்றில் வேறுவிதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். எங்கள் ஊரின் பெயரே ஒரு சிக்கல். தமிழில் சீனன்குடா; ஆங்கிலத்தில் சைனா பே; பிரதேச செயலகத்தின் பெயரோ திருகோணமலை பட்டினமும் சூழலும். மூன்றும் ஒரே இடத்தைத்தான் குறிக்கின்றன என்பது ஒட்டாவாவில் இருக்கிற உத்தியோகத்தருக்கு எப்படித் தெரியும்? இந்தப் பெண் சீனாவிலே பிறந்தவளா என்று அவர் யோசித்தாலும் குறைசொல்ல முடியாது.

தேசிய அடையாள அட்டையின் இலக்கத்துக்குள்ளே பிறந்த ஆண்டும், அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தவர் என்பதும் அடங்கியிருக்கின்றன. பெண்களுக்கு அந்த நாளெண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே பிறப்பத்தாட்சியில் ஒரு திகதியும் அட்டையில் வேறொரு திகதியும் இருந்தால், அந்த இலக்கமே நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். இதையெல்லாம் கண்டுபிடித்துத் திருத்துவிக்கக்கூடியவர் இங்கே இருப்பவர்தான்.

மறுகரையிலும் ஓர் உத்தியோகம் நடக்கிறது. பிரித்தானியாவிலே 2012 யூலையில் ஒரு விதி வந்தது: துணையை அழைப்பவர் ஆண்டுக்கு 18,600 பவுண் வருமானம் காட்ட வேண்டும். 2024 ஏப்ரலில் அது 29,000 பவுணாக உயர்த்தப்பட்டது. இங்கே இருக்கிற துணை நல்ல உத்தியோகத்தில் இருந்தாலும், அந்த இலங்கைச் சம்பளம் கணக்கில் வராது. அவருக்குரிய பங்கு ஆங்கிலப் பரீட்சை. ஜேர்மனிக்குப் போவதானால், 2007 முதல் பொதுவாக ஜேர்மன் மொழிப் பரீட்சை. ஒருவர் சம்பளச் சிட்டைகளைச் சேர்க்க இரண்டு வேலை செய்கிறார். மற்றவர் கொப்பியை வைத்துக்கொண்டு அந்நிய மொழியின் வினைச்சொற்களைப் பாடமாக்குகிறார். ஒருவர் படுகிற பாடு மற்றவருக்குத் தெரிவதில்லை. "ஒரு கடதாசி எடுக்க இவ்வளவு நாளா?" என்று அங்கிருந்து கோபம். "காசு அனுப்பினால் எல்லாம் முடிஞ்சுதா?" என்று இங்கிருந்து கோபம்.

இந்தக் கோபத்தை முடித்துவைக்க அநேகர் ஒரு குறுக்குவழி கண்டிருக்கிறார்கள். அங்கே இருப்பவரோ, அவர் பிடித்த ஏஜென்சிக்காரரோ எல்லாவற்றையும் நிரப்புவது. இங்கே இருப்பவர் கையொப்பம் மட்டும் வைப்பது. இது வசதியானதுதான். இதிலேதான் ஆபத்தும் இருக்கிறது.

ஒரு நாள் ஓர் இளம் பெண் என்னிடம் வந்தார். "மாமா, அவர் எல்லாம் நிரப்பி அனுப்பியிருக்கிறார். நான் சைன் வைச்சால் காணுமாம். எங்க வைக்கிறது எண்டு சொல்லுங்கோ" என்றார்.

நான் பழக்கதோஷத்தில் முதற்பக்கத்திலிருந்து வாசித்தேன். கனடாவின் படிவம் ஒன்று, 18 வயதிலிருந்தோ அல்லது கடந்த 10 ஆண்டுகளிலோ எங்கெங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று இடைவெளி இல்லாமல் கேட்கும். அவருடைய தாளிலே எல்லா ஆண்டும் சீனன்குடா என்றே இருந்தது.

"பிள்ளை, நீர் மண்டபம் முகாமில இருந்த காலம் இதில இல்லையே?"

"அதைப் போட்டால் இந்தியாப் பொலிஸ் ரிப்போர்ட்டும் எடுக்கவேணும், பிந்திப் போகும் எண்டு ஆரோ அவருக்குச் சொன்னவையாம்."

அகதி முகாமில் இருந்தது குற்றமல்ல. அதை மறைப்பதுதான் குற்றம். பொய்த் தகவல் கொடுத்ததாகக் கண்டால் கனடா விண்ணப்பத்தை நிராகரிப்பதோடு, 5 ஆண்டுகளுக்கு உள்ளே வரவும் தடை விதிக்கும். 2014 நவம்பருக்கு முன்னர் அந்தத் தடை 2 ஆண்டுகளாக இருந்தது. முந்திய உறவிலே பிறந்த ஒரு குழந்தையைச் சொல்லாமல் விட்டால், பின்னொரு காலத்தில் அந்தக் குழந்தையைக் குடும்ப வகுப்பின் கீழ் அழைக்கும் வழியே அடைபட்டுப் போகக்கூடும். நிரப்பியவர் வேறொருவராக இருக்கலாம். கையொப்பம் யாருடையதோ, பொறுப்பும் அவருடையதுதான்.

அந்தப் பெண் எனது முற்றத்தில் நின்றபடியே கணவனுக்குத் தொலைபேசி எடுத்தார். "இஞ்சருங்கோ, நான் இருந்த இடத்தை நான்தான் எழுதவேணும். அது என்ட வாழ்க்கை. பிந்தினால் பிந்தட்டும்" என்றார். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் படிவத்தைத் திருத்தி எழுதினார்கள். காலம் பிந்தித்தான் போனது. இன்று அவர்கள் ஒன்றாக இருக்கிறார்கள்.

இன்னொரு சங்கதி. உறவு உண்மையானது என்று காட்டப் போட்டோக்கள் வேண்டும். காசு அனுப்பிய பற்றுச்சீட்டுகள் வேண்டும். வட்ஸ்அப் செய்திகளும் வேண்டும். எப்படிச் சந்தித்தீர்கள், யார் அறிமுகம் செய்தார்கள், கலியாணத்துக்கு யார் யார் வந்தார்கள் என்று கனடாவின் 5532ஆம் இலக்கப் படிவம் இருவரையும் கேட்கிறது. இராமனும் சீதையும் அந்தரங்கத்தைத் தூதுவன் ஒருவனுக்கு மட்டுமே சொன்னார்கள். நம்மவர்கள் முகம் தெரியாத உத்தியோகத்தருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே எந்தச் செய்தியை அனுப்புவது, எதை விடுவது என்பதை ஒருவர் தனியே தீர்மானிக்கக் கூடாது. அவள் இரவிலே அழுது எழுதிய ஒன்றை, அவளைக் கேளாமல் அச்செடுத்துக் கட்டிலே சேர்ப்பது எந்த வகையில் நியாயம்?

அறிவு ஒரு பக்கத்திலே மட்டும் இருந்தால், அதிகாரமும் அந்தப் பக்கத்திலேயே போய்ச் சேரும். 2012 ஒக்ரோபரில் கனடா ஒரு நிபந்தனை வைத்தது. புதிதாகச் சேர்ந்த தம்பதிகளில், அழைக்கப்பட்டு வந்தவர் 2 ஆண்டுகள் துணையோடு சேர்ந்து வாழ வேண்டும். இல்லாவிட்டால் வதிவிட உரிமை பறிபோகலாம். கொடுமை செய்யப்பட்டவர்களுக்கு அதிலே விதிவிலக்கு இருந்தது. ஆனால் விதிவிலக்கு இருக்கிறது என்பதை அறியாதவருக்கு அது இருந்தும் இல்லாததுதானே? 2017 ஏப்ரலில் அந்த நிபந்தனை நீக்கப்பட்டது. இருந்தும், "நான் கையெழுத்துப் போட்டுக் கூப்பிட்டனான், நானே திருப்பி அனுப்புவன்" என்று வெருட்டுகிறவர்கள் இன்றும் இல்லாமலில்லை. அழைத்தவர் துணைக்காக ஒப்பமிடுவது 3 ஆண்டுப் பராமரிப்புப் பொறுப்புக்கு. இடையிலே பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு அவரை விடாது. படிவத்தை ஒரு தரம் வாசித்தவரிடம் அந்த வெருட்டு பலிக்காது.

இது பெண்களுக்கு மட்டும் சொல்லுகிற புத்தி என்று எண்ணிவிடாதீர்கள். மனைவி அழைக்க, கணவன் காத்திருப்பதும் இப்போது எங்கள் ஊரிலே உண்டு. ஒரு காலத்திலே பிரித்தானியச் சட்டமே அதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. ஆண் மனைவியை அழைப்பது சுலபம். பெண் கணவனை அழைப்பது கடினம். மூன்று பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1985 மே 28ஆந் திகதி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இது பால் அடிப்படையிலான பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? கணவன்மாருக்கு வழியைச் சுலபமாக்காமல், மனைவிமாருக்கும் கடினமாக்கிச் சமன்செய்தது! அன்றிலிருந்து ஆணும் பெண்ணும் ஒரே வரிசையிலே நிற்கிறார்கள். அப்படியிருக்க, மனைவி கேட்கிற பத்திரத்தை எடுக்கக் கச்சேரிக்குப் போவது மரியாதைக் குறைவு என்று வீட்டிலிருக்கும் மாப்பிள்ளைமாரை என்னவென்று சொல்வது? அவர் எடுக்காத பத்திரம் அவருக்காகத்தான் காத்துக் கிடக்கிறது.

சரி, எப்படிப் பங்கிடுவது? சேகரிப்பதைப் பங்கிடலாம்; வாசிப்பதைப் பங்கிடக் கூடாது என்பது என் கருத்து. அவரவர் வாழ்க்கையை அவரவர் எழுதட்டும். எழுதியதை மற்றவர் வாசித்துப் பெயர், திகதி, இடம் மூன்றையும் சரிபார்க்கட்டும். என்னிடம் வந்த ஒரு தம்பதியினர் சாதாரண அப்பியாசக் கொப்பி ஒன்றிலே நடுவில் கோடு கீறி, ஒரு பக்கம் அவருடைய வேலை, மறுபக்கம் இவருடைய வேலை என்று எழுதி, முடிந்ததற்குச் சரி போட்டு வந்தார்கள். இரு கரையிலும் அதே கொப்பி. இரு கரையிலும் முழுக் கட்டின் நிழற்பிரதி. அதைப் பார்த்த பிறகு "இவ்வளவு நாளா?" என்ற கேள்விக்கு இடமிருக்கவில்லை, என்னென்ன மீதியிருக்கிறது என்பது இருவர் கண்ணுக்கும் தெரிந்தது.

கடவுச்சீட்டு, விவாகச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளை வெளிநாடு போன பின்னரும் அவரவர் தம் கையிலே வைத்திருக்க வேண்டும். நல்ல குடும்பத்திலே அதனால் ஒரு குறையும் வராது. நல்லதல்லாத குடும்பத்திலே அதுதான் கைத்துணை.

இங்கே விடியும்போது ரொறன்ரோவிலே முந்திய நாள் மாலை. வேலை முடிந்து வந்தவரும், தேநீர் வைத்துக்கொண்டிருப்பவரும் பேசுகிற அந்த அரைமணி நேரத்திலே, நாளுக்கு இரண்டு பக்கமாவது சேர்ந்து வாசியுங்கள். படிவத்தின் கேள்விகள் வறண்டவைதான். ஆனால் "நீங்கள் 2019இல் எங்கே இருந்தீர்கள்?" என்று அது கேட்கிறபோது, கலியாணமாகி இத்தனை காலமும் ஒருவரையொருவர் கேளாத கதைகள் வெளியே வரும். ஒரே வீட்டிலே வாழப் போகிறவர்கள் அந்தக் கதைகளை உத்தியோகத்தருக்கு முன்னர் தாங்கள் அறிந்திருக்க வேண்டாமா?