தோற்றுத் தோற்று வென்ற வக்கீல்

(நமது சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் மும்பை அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி போன் செய்து, "அரை மணி பேசுங்கள், விஷயம் உங்கள் இஷ்டம்" என்றார். முப்பத்தைந்து வருஷம் கணக்குத் தணிக்கையில் இருந்தவனுக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. ஆனாலும் ஒரு விஷயம் என்னை உறுத்திக் கொண்டே இருந்தது. அதைச் சொல்லிவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

அமெரிக்க காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ராஜா கிருஷ்ணமூர்த்தியைப் பற்றி உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவர் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பார்த்தேளா, நம்ம தமிழ்ப் பிள்ளை!" என்று பெருமைப்பட்டவர்களில் நானும் ஒருவன். ஆனால் அவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார் என்று நான் விசாரிக்கவே இல்லை. பிறகு விசாரித்தேன். தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

1973-ம் வருஷம் ஜூலை மாதம் புது தில்லியில், ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். மூன்று மாதக் கைக்குழந்தையாக இருக்கும்போதே பெற்றோர் அமெரிக்கா போய்விட்டார்கள். தகப்பனார் நியூயார்க் மாநிலத்தில் உள்ள பஃபலோ நகரில் மேற்படிப்புக்காகச் சென்றவர். அங்கே பொருளாதார மந்தம் வந்த காலம் அது. கையில் காசில்லை. அரசாங்கம் ஏழைகளுக்குக் கட்டிக் கொடுத்த குடியிருப்பில் இருந்துகொண்டு, அரசாங்கம் கொடுத்த உணவுக் கூப்பன்களில் சாப்பிட்டார்கள். நம் ஊர் ரேஷன் கார்டு போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதை அவர் மறைக்கவில்லை. தேர்தல் மேடைகளில் அவரே சொல்லியிருக்கிறார். நம் வீடுகளில் இப்படி ஒரு கஷ்ட காலம் இருந்தால் சம்பந்தம் பேசும்போது வாயே திறக்க மாட்டோம். அவரோ, முன்பின் தெரியாத ஜனங்களின் வரிப்பணத்தில்தான் எங்கள் குடும்பம் நிமிர்ந்தது, அந்தக் கடனைத் தீர்க்கவே பொது வாழ்வுக்கு வந்தேன் என்ற கருத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்தார்.

பிறகு தகப்பனாருக்கு இல்லினாய் மாநிலத்தில் பியோரியா என்ற ஊரில் பேராசிரியர் வேலை கிடைத்தது. பையன் அங்கே அரசுப் பள்ளியில் படித்தான். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் என்ஜினீயரிங் முடித்தது 1995-ல். இதுவரை நம் வீட்டுக் கதைதான். இதற்குப் பிறகுதான் பாதை மாறுகிறது. என்ஜினீயர் வேலைக்குப் போகாமல் ஹார்வர்டில் சட்டம் படித்து, 2000-ல் பட்டம் வாங்கினார். சிகாகோவில் ஒரு மத்திய நீதிபதியிடம் உதவியாளராக இருந்து, வக்கீல் தொழிலில் இறங்கினார். 2004-ல் பராக் ஒபாமா செனட் தேர்தலுக்கு நின்றபோது, அவருக்காகக் கொள்கை விஷயங்களைத் தயாரிக்கும் பொறுப்பில் இருந்தார். பிறகு இல்லினாய் மாநிலத்தின் துணைப் பொருளாளராக 2007 முதல் 2009 வரை பதவி வகித்தார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்த இடம். நம் நாட்டில் கட்சி மேலிடம் டிக்கெட் கொடுத்தால் நிற்கலாம். அங்கே அப்படி இல்லை. பிரைமரி என்று ஒரு முதல் கட்டத் தேர்தல் உண்டு. கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே சாதாரண வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். ஆக, முதலில் சொந்தக் கட்சிக்காரர்களோடு மோதி ஜெயித்தால்தான் எதிர்க்கட்சியோடு மோத முடியும்.

2010-ல் மாநிலக் கணக்குத் தலைவர் பதவிக்கு நின்றார். பிரைமரியிலேயே தோல்வி. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. 2012-ல் காங்கிரஸின் 8-வது தொகுதிக்கு நின்றார். எதிரே டாமி டக்வொர்த் என்ற பெண்மணி, இராக் யுத்தத்தில் ஹெலிகாப்டர் ஓட்டி இரண்டு கால்களையும் இழந்தவர். இந்தத் தடவை பெரிய வித்தியாசத்தில் தோல்வி.

இரண்டு தோல்வி. நாற்பதை எட்டப் போகும் வயது. நம் வீடாக இருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "போதும்டா, ஒழுங்காக ஒரு வேலையைப் பார்" என்றிருப்போம். அவரும் வேலை பார்த்தார். இலங்கைத் தமிழரான பேராசிரியர் சிவானந்தன் நிறுவிய ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தில் தலைவராக இருந்தார். ஆனால் தொகுதியை விடவில்லை. 2016-ல் டக்வொர்த் செனட்டுக்குப் போட்டியிட்டதால் அந்த இடம் காலியானது. மறுபடி நின்றார். பிரைமரியில் இருவரை வென்று, நவம்பரில் பொதுத் தேர்தலிலும் ஜெயித்தார். 2017 ஜனவரியில் பகவத் கீதையின் மேல் கை வைத்துப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். அங்கே காங்கிரஸில் அப்படிச் செய்தவர்களில் அவர் இரண்டாமவர். முதலாமவர் துளசி கப்பார்ட். 2018, 2020, 2022, 2024 என்று அடுத்தடுத்தும் ஜெயித்தார்.

ஜெயித்து என்ன செய்தார்? கட்சிக் கொள்கையில் உங்களுக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எனக்கும் எல்லாவற்றிலும் உடன்பாடு இல்லை. ஆனால் வக்கீல் புத்தி வேலை செய்த இரண்டு இடங்களைச் சொல்கிறேன். 2019-ல் ஒரு நாடாளுமன்றத் துணைக் குழுவின் தலைவராக, மின்-சிகரெட் கம்பெனியான ஜூலின் அதிகாரிகளைக் கூப்பிட்டு, பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தச் சரக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று குறுக்கு விசாரணை செய்தார். 2021 பிப்ரவரியில், கடையில் விற்கும் குழந்தை உணவுகள் பலவற்றில் ஆர்சனிக், ஈயம், காட்மியம் போன்றவை இருப்பதாக அதே குழு அறிக்கை வெளியிட்டது. கம்பெனிகளின் சொந்தப் பரிசோதனைக் காகிதங்களை வாங்கிப் பார்த்து எழுதிய அறிக்கை அது. தணிக்கைக்காரனான எனக்கு இதன் அருமை புரியும். காகிதத்தைக் கேட்டு வாங்குவதுதான் பாதி வேலை!

இன்னொரு விஷயம். அமெரிக்க அரசியல் சட்டப்படி பிரதிநிதிகள் சபைக்கு நிற்க ஏழு வருஷம் குடிமகனாக இருந்தால் போதும். செனட்டுக்கு ஒன்பது வருஷம். ஆனால் ஜனாதிபதியாக வேண்டுமானால் பிறவியிலேயே அந்த நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும். மூன்று மாதக் குழந்தையாகப் போனவருக்கும் அந்தக் கதவு மூடித்தான் இருக்கிறது. அது தெரிந்தும், திறந்திருக்கும் கதவுகளை மூன்று முறை தட்டினார் பாருங்கள், அதைத்தான் நான் யோசித்தேன்.

இப்போது என்னை உறுத்தியதைச் சொல்கிறேன். என் பெண் வக்கீல். இதே ஊரில்தான் பிராக்டிஸ் செய்கிறாள். 2012 மாநகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மழைக்காலத்தில் நாலா நிரம்பித் தண்ணீர் வீட்டுக்குள் வருவதற்காக அவள் மனு மேல் மனு போட்டவள். காலனியில் மராத்திக்காரர்கள், குஜராத்திக்காரர்கள் எல்லோரும் வந்து, "உங்கள் பெண் நிற்கட்டும், நாங்கள் இருக்கிறோம்" என்றார்கள். நான்தான் தடுத்தேன். "நமக்கெதுக்கு இந்த வம்பு? தோற்றால் மானம் போகும்" என்றேன். அவள் பதில் பேசவில்லை.

பல வருஷம் கழித்து, நான் ராஜா கிருஷ்ணமூர்த்தி போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். அவளிடமிருந்து ஒரு வரி வந்தது: "அப்பா, அவர் ரெண்டு தடவை தோத்திருக்கார். நீங்க என்னை ஒரு தடவைகூட தோக்க விடலையே."

அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் அவளைத் தோல்வியிலிருந்து காப்பாற்றியதாக நினைத்துக் கொண்டிருந்தேன். உண்மையில் காப்பாற்றியது என் மானத்தைத்தான். எங்கோ சிகாகோவில் ஒரு பையன் கவுண்டி கவுண்டியாக அலைந்து ஓட்டுக் கேட்டால் அது நமக்குப் பெருமை. நம் வீட்டுப் பெண் நாலாவுக்காக வீடு வீடாகப் போனால் அது வம்பு! இது என்ன நியாயம்?

அவர் நம்மவர் என்று கொண்டாடுவதில் தப்பில்லை. ஆனால் அவர் நடத்தையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. பிறர் உதவியில் நிமிர்ந்தோம் என்பதை மறைக்காமல் சொன்னது. தோல்விக்கு வெட்கப்படாதது. தான் வளர்ந்த ஊரைத் தன் ஊர் என்று நினைத்தது. நாமும் நாற்பது, ஐம்பது வருஷமாக இந்த ஊரில் இருக்கிறோம். இன்னும் "நம்ம ஊர்" என்றால் தஞ்சாவூரும் பாலக்காடும்தான். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை.

முடிக்கிறேன். என் பெண்ணிடம் போன மாதம் சொன்னேன்: "அடுத்த தடவை நிற்கிறாயானால், ஓட்டுக் கேட்க முதல் ஆளாக நான் வருகிறேன். மாடிப்படி ஏறத்தான் கொஞ்சம் சிரமம்." சிரித்தாள். பார்ப்போம் என்றாள். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளையோ பெண்ணோ இருந்தால், தயவுசெய்து என்னைப் போல் குறுக்கே நிற்காதீர்கள்.