பதில் வராத கருவியைத் தேடுங்கள்



தோட்டத்தில் பெரட்டு நடந்த காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். விடியுமுன் கிராணி பெயர் கூப்பிடுவார். பதில் வராவிட்டால், ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க லயத்துக்கு ஒருவர் ஓடுவார். இன்று கருவிகளுக்கும் அப்படியொரு பெரட்டு தேவைப்படுகிறது.

மழையளவு, ஆற்றுநீர் மட்டம், மண்ணின் ஈரம் ஆகியவற்றை அளந்து, தாமாகவே தகவல் அனுப்பும் கருவிகளின் வலையைப் 'பொருள்களின் இணையம்' என்கிறார்கள். 1999இல் இந்தப் பெயரை வைத்தவர் பிரிட்டனைச் சேர்ந்த கெவின் ஆஷ்டன்.

தானா ராத்தா வட்டாரத்துக்கு இது ஆடம்பரமல்ல. கீழே ரிங்லெட்டில் 1960களில் கட்டப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணை இருக்கிறது. 2013 அக்டோபர் 23ஆம் தேதி பின்னிரவில், கனமழையால் நிறைந்த அந்த அணையின் நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கை வெள்ளம் சூழ்ந்தது. குறைந்தது மூவர் மாண்டனர். சில நிமிட முன்னறிவிப்பின் அருமையை அந்த இரவு சொல்லும்.

அலுவலகக் கணினி நின்றுபோனால் மறுபடி முடுக்கிவிடலாம். மலைச்சரிவில் மழையில் நிற்கும் பெட்டியை யார் போய்த் தட்டுவது? ஆகவே, இதற்கு மென்பொருள் எழுதும் முறையே வேறு.

முதலாவது, இணைப்பு அறுந்துபோகும் என்று எண்ணியே எழுத வேண்டும். நீர் அபாய அளவைத் தாண்டினால், தலைமையக உத்தரவுக்குக் காத்திராமல் கருவியே சங்கை ஒலிக்க வேண்டும். அனுப்ப முடியாத அளவுகளைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, மௌனத்தைக் கவனிக்க வேண்டும். எண்ணெய்க் குழாய்களைத் துணைக்கோள் வழியே கண்காணிக்க 1999இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் 'எம்.கியூ.டி.டி.' என்ற தகவல் முறையை உருவாக்கினர். அதில் ஒவ்வொரு கருவியும் இணையும்போதே ஓர் 'உயில்' எழுதி வைக்கலாம். குறித்த நேரத்தில் கருவி குரல் கொடுக்காவிட்டால், நடுவில் உள்ள கணினி அந்த உயிலை மற்றவர்களுக்கு அறிவித்துவிடும். பெரட்டில் பதில் வராத ஆளைத் தேடுவதும் இதுவும் ஒன்றுதான்.

மூன்றாவது, புதிய மென்பொருளை ஏற்றும்போது பழையதை அழிக்கக் கூடாது. புதியது ஓடாவிட்டால் கருவி பழையதற்கே திரும்ப வேண்டும்.

நான்காவது, தொழிற்சாலை வைத்த கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். 2016இல் 'மிராய்' என்ற தீய மென்பொருள், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே ஏராளமான கண்காணிப்புக் கேமராக்களை வசப்படுத்தியது.

இவ்வளவும் செய்தபின், மழையில்லாத நாளில் வேண்டுமென்றே மின்சாரத்தைத் துண்டித்துச் சோதிக்க வேண்டும். சங்கு ஒலித்தால் எந்த மேட்டுக்கு ஓடுவது என்பது பள்ளத்தாக்கில் உள்ள சிறு பிள்ளைக்கும் தெரிய வேண்டும். அதுவரை மென்பொருள் வேலை முடிந்ததாகாது.