நாட்டியப் பள்ளியைத் தாங்கும் தூண்கள்

(ஆலயத் திருவிழாவின் கலை நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நடனத்தைப் பற்றிப் பேச என்னை அழைத்தபொழுது நான் சற்றுத் தயங்கினேன். தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வி பெற்று, அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழிப்பவன் நான். அடவும் அறியேன், அபிநயமும் அறியேன். ஆயினும் ஓர் அமைப்பு எவ்வாறு நிலைத்து நிற்கிறது, எதனால் சரிந்து போகிறது என்பதைப் பணியின் வாயிலாகச் சிறிது அறிந்திருக்கிறேன். ஆகவே, ஆடுபவரைப் பற்றிப் பேசுவதை விடுத்து, ஆடுபவருக்குப் பின்னால் நின்று ஒரு நாட்டியப் பள்ளியை வழிநடத்துவோரைப் பற்றிப் பேசலாம் என எண்ணினேன்.

நாட்டியப் பள்ளி என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது ஒரு குருவின் உருவமே. அது தவறன்று. ஆனால் குரு ஒருவரே பள்ளி ஆகிவிடமாட்டார். பாடுபவர், மத்தளம் வாசிப்பவர், கணக்குப் பார்ப்பவர், ஆடை தைப்பவர், பிள்ளைகளைப் பாதுகாப்பவர், குருவுக்குப் பின் அப்பணியை ஏற்பவர் என ஒரு வட்டம் சேர்ந்தால்தான் பள்ளி. அந்த வட்டத்தை அமைக்கும் பொறுப்பு யாருடையது என்பதே இன்று நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கேள்வி.

கல்லில் எழுதிய பணி விதி

தஞ்சைப் பெரிய கோயிலைக் காணச் சென்றவர்கள் உங்களில் பலர் இருக்கக்கூடும். விமானத்தை அண்ணாந்து பார்த்து வியக்கின்ற நாம், சுவரில் உள்ள எழுத்துகளைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 1014ஆம் ஆண்டளவில் இராசராச சோழன் பொறித்த கல்வெட்டு ஒன்று, சோழநாட்டுக் கோயில்கள் பலவற்றிலிருந்து அழைத்துவரப்பட்ட 400 ஆடல் மகளிரைப் பெயர் பெயராகப் பட்டியலிடுகிறது. தளிச்சேரிப் பெண்டுகள் என்பது அவர்களுக்குக் கல்வெட்டு தரும் பெயர். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஒரு பங்கும் வழங்கப்பட்டன. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல்.

அதோடு முடியவில்லை. நட்டுவம் செய்வோர், பாடுவோர், கருவிகள் இசைப்போர், தையல் வேலை செய்வோர், கணக்கு எழுதுவோர் ஆகியோரும் அதே பட்டியலில் இடம்பெறுகின்றனர். ஆடற் பெண்ணுக்கு ஒரு பங்கு என்றால், ஆட்டுவிக்கும் நட்டுவனாருக்கு இரண்டு பங்கு. ஆசிரியரின் தகுதியை மன்னன் நெல்லால் அளந்து காட்டியிருக்கிறான்.

அரசு ஊழியனாகிய என்னை வியக்க வைத்த பகுதி அதற்கும் அடுத்து வருகிறது. பங்கு பெறுபவர் இறந்துபோனாலோ, வேற்றூர் சென்றுவிட்டாலோ, அவருடைய நெருங்கிய உறவினர் அப்பணியை ஏற்று அப்பங்கைப் பெறலாம். அவ்வுறவினருக்குத் தகுதி இல்லையெனில், தகுதி உடைய ஒருவரைக் கொண்டு பணியைச் செய்விக்க வேண்டும். உறவினரே இல்லாவிடில், அப்பணியில் இருக்கும் மற்றவர்கள் கூடித் தகுதியான ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு கோயில், தன் கலைஞர்களுக்கு ஊதியத்தையும், உறைவிடத்தையும், அவர்களுக்குப் பின் வருபவர் யார் என்பதையும் கல்லில் எழுதி வைத்தது. இதைவிடச் சிறந்த பணி விதியை எந்த அலுவலகத்திலும் நான் கண்டதில்லை.

அடையாற்றில் கூடிய பெரியோர்கள்

காலப்போக்கில் அந்த ஆதரவு குன்றியது. மன்னர்கள் மறைந்தனர். கோயில் நடனம் இழிவாகப் பேசப்பட்டது. 1947இல் சென்னை மாகாணம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தைச் சட்டத்தால் தடை செய்தது. அதற்கு முன்னரே, 1936ஆம் ஆண்டு தொடக்கத்தில், சென்னை அடையாற்றில் ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவிய பள்ளியே பின்னாளில் கலாக்ஷேத்ரா எனப் புகழ்பெற்றது.

அப்பள்ளியை ருக்மிணி தேவியின் பெயரால் மட்டுமே நாம் அறிந்திருக்கிறோம். ஆனால் அவரைச் சுற்றி நின்றவர்களைப் பாருங்கள். அவருக்கு நடனம் கற்பித்தவர்களுள் ஒருவர் மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலில் ஆடிய கௌரி அம்மாள். மற்றொருவர் தஞ்சை நால்வரின் வழிவந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பிள்ளையவர்களின் மருமகன் சொக்கலிங்கம் பிள்ளை அப்பள்ளியில் ஆசிரியராக விளங்கினார். கதகளி கற்பிக்கக் கேரளத்திலிருந்து அம்பு பணிக்கரும் சந்து பணிக்கரும் வந்தனர். இசைக்கு டைகர் வரதாச்சாரியார் போன்ற பெரும் வித்துவான்கள் வாய்த்தனர். நாடகங்களுக்கும் நடனங்களுக்கும் வேண்டிய சேலைகளை நெய்யத் தறிகளும் அமைந்தன. கே. சங்கர மேனன் அவர்கள், நிர்வாகச் சுமையைப் பல ஆண்டுகள் தோளில் தாங்கினார். 1986இல் ருக்மிணி தேவி மறைந்தபின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

இராமாயண நாட்டிய நாடகங்களுக்கு இசையமைத்தவர் மைசூர் வாசுதேவாச்சாரியார். ஆறு நாடகங்கள் கொண்ட அவ்வரிசை நிறைவுறும் முன்னரே, 1961இல் அவர் காலமானார். பணி நின்றுவிடவில்லை. அவரிடமே பயின்ற பேரர் எஸ். இராஜாராம் எஞ்சிய இசைப்பணியை ஏற்று முடித்தார். தஞ்சைக் கல்வெட்டு கூறிய விதி, யாரும் எடுத்துச் சொல்லாமலே இங்கு நடைமுறையில் நிகழ்ந்தது. உறவும் இருந்தது, தகுதியும் இருந்தது.

இப்பள்ளியின் வரலாற்றில் ஒளி மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ருக்மிணி தேவிக்கும் பாலசரசுவதிக்கும் கலையை வாரி வழங்கிய கௌரி அம்மாளின் முதுமைக் காலம் வறுமையில் கழிந்தது. கோயில் அவருக்குப் பங்கு அளக்கும் காலம் கடந்துவிட்டிருந்தது. மேலும், 2023ஆம் ஆண்டு கலாக்ஷேத்ராவின் மாணவர்கள் பாலியல் தொல்லை குறித்த குற்றச்சாட்டுகளை முன்வைத்துப் போராட்டத்தில் இறங்கினர். ஆசிரியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். இந்திய நாடாளுமன்றமே 1993இல் தனிச்சட்டம் இயற்றித் தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததென அறிவித்த நிறுவனம் அது. அத்தகைய இடத்திலேயே பிள்ளைகள் வீதிக்கு வந்து குரல் எழுப்ப நேர்ந்தது என்றால், புகார் சொல்ல ஒரு வாயில் ஒவ்வொரு பள்ளியிலும் திறந்திருக்க வேண்டும் என்பது நமக்குப் பாடம்.

நம் பக்கத்தில் விழுந்த விதைகள்

இக்கலை நம் மண்ணுக்கு வந்த வரலாறும் இதையே உணர்த்துகிறது. நமக்கு அண்மையில், பாலத்துக்கு அப்பால் உள்ள சிங்கப்பூருக்கு 1952இல் வந்தார் கே. பி. பாஸ்கர். அவரும் அவர் துணைவியார் சாந்தா பாஸ்கரும் கட்டியெழுப்பிய பள்ளி, அவ்விருவரும் மறைந்த பின்னரும் அவர்களுடைய மகளின் வழிகாட்டலில் தொடர்கிறது. கலாக்ஷேத்ராவில் பயின்ற நீலா சத்தியலிங்கம், தம் கணவருடன் 1977இல் அப்சராஸ் ஆர்ட்ஸ் என்னும் பள்ளியைத் தொடங்கினார். தம் காலத்திலேயே கலை இயக்குநர் பொறுப்பை அரவிந்த் குமாரசாமியிடம் ஒப்படைத்தார். இங்கு மகளும் வாரிசு, மாணவரும் வாரிசு.

நம் மலேசியாவில் சுவாமி சாந்தானந்த சரசுவதி அவர்களின் வழிகாட்டலில் 1981இல் நுண்கலை ஆலயமாகிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் தோன்றியது. வி. கே. சிவதாஸ் – வத்சலா இணையரும், கோபால் ஷெட்டி – ராதா இணையரும் அங்கு எத்தனையோ பிள்ளைகளை உருவாக்கினர். ஜொகூர் பாருவிலும் அதன் கிளை உண்டு. சுவாமிகள் 2005இல் மகாசமாதி அடைந்த பின்னும் பணி நிற்கவில்லை. கலாக்ஷேத்ராவில் பயின்ற அடையாறு கே. லட்சுமணன் அவர்களிடம் பரதம் கற்ற ரம்லி இப்ராஹிம், 1983இல் கோலாலம்பூரில் சூத்ரா நடனக் குழுவை நிறுவினார். மலாய்க்காரரான அவர் இக்கலைக்காகத் தம் வாழ்நாளையே ஒப்படைத்திருக்கிறார். நாமோ, பிறப்புரிமை என்று சொல்லிக்கொண்டு பிள்ளையை அரங்கேற்றத்தோடு நிறுத்திவிடுகிறோம்.

நம் ஆலயம் செய்யக்கூடியவை

அன்பர்களே, நம் மாநிலத்தில் ஆலய மண்டபத்தில் நடைபெறும் நடன வகுப்பின் நிலை என்ன? வார இறுதியில் ஆசிரியை ஒருவர் தம் சொந்தக் காரில் வருகிறார். பாட்டுக்கு ஓர் ஒலிப்பதிவு. பெற்றோர் தரும் கட்டணமே ஊதியம். பிள்ளைகள் குறைந்தால் ஊதியமும் குறையும். ஐந்தாம் படிவம் வந்தவுடன் எஸ்.பி.எம். தேர்வு என்று மூத்த மாணவியர் நின்றுவிடுகின்றனர். ஆசிரியைக்குத் திருமணமாகிறது, அல்லது வேற்றூருக்கு மாற்றலாகிறது. அடுத்த மாதமே மண்டபம் வெறிச்சோடுகிறது. பத்தாண்டு உழைப்பு பத்து நாளில் கரைந்துபோகிறது. இதற்கு ஆசிரியையைக் குறை கூறுதல் நியாயமா? வட்டத்தை அமைக்காமல் விட்டது நாம் அல்லவா?

ஆகவே நான்கு கருத்துகளைப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

முதலாவது, நடன ஆசிரியைக்கு ஒரு நிலையான மாத ஊதியத்தை ஆலயத்தின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சேர்த்து, பொதுக்கூட்டத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு நாள் வாணவேடிக்கைக்குச் செலவிடுவதில் ஒரு பகுதி போதும். இது தானம் அன்று. பெரிய கோயில் அளந்த பங்கு.

இரண்டாவது, மூத்த மாணவியருள் இருவரையாவது நட்டுவாங்கம் கற்று, சிறு பிள்ளைகளுக்குத் தொடக்க அடவுகளைக் கற்பிக்கும் உதவி ஆசிரியைகளாக வளர்க்க வேண்டும். அவர்களுக்கும் சிறு தொகை வழங்க வேண்டும். ஐந்தாம் படிவத்தோடு வகுப்பை விட்டுப் போகாமலிருக்க அதுவே ஒரு காரணமாகும்.

மூன்றாவது, நம் தேவார வகுப்பு ஒரு மூலையிலும் நடன வகுப்பு மறுமூலையிலும் தனித்தனியே நடப்பது போதும். பாடுகின்ற பிள்ளைக்கு ஆடுகின்ற பிள்ளையும், ஆடுகின்ற பிள்ளைக்குப் பாடுகின்ற பிள்ளையும் துணையாகட்டும். மிருதங்கம் கற்க விரும்பும் இளைஞர் இருவர் கிடைத்தால், திருவிழாவில் ஒலிப்பதிவுக்கு விடை கொடுக்கலாம்.

நான்காவது, பிள்ளைகளின் பாதுகாப்பு. வகுப்பு நடக்கும் நேரமெல்லாம் பொறுப்புள்ள பெற்றோர் ஒருவர் மண்டபத்தில் இருத்தல் வேண்டும். பிள்ளைகள் அச்சமின்றிச் சென்று பேசக்கூடிய பெண் உறுப்பினர் ஒருவரை நிர்வாகம் நியமிக்க வேண்டும். சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கென நம் நாட்டில் 2017இல் தனிச்சட்டமே இயற்றப்பட்டுள்ளது. ஆலயத்தின் பெயர் கெட்டுவிடும் என்று எதையும் மூடி மறைத்தல் கூடாது. பிள்ளையின் கண்ணீரை மறைத்துக் காக்கும் பெயர் ஆலயத்துக்கு வேண்டாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. அரங்கேற்றம் என்பது படிப்பு முடிந்ததற்கான சான்றிதழ் அன்று. இனி மேடையேறலாம் என்று குரு வழங்கும் அனுமதி. அதற்காகச் சேலைக்கும் விருந்துக்கும் கடன் வாங்கிச் செலவு செய்யும் நாம், அதன் மறுநாள் மகளை வகுப்புக்கு அனுப்ப மறந்துவிடக்கூடாது.

இன்று இம்மேடையில் ஆடிய சிறுமியருள் யார் இருபது ஆண்டுகளுக்குப் பின் இதே மண்டபத்தில் தட்டுக்கழியை எடுத்து அமரப் போகிறார் என்று நான் அறியேன். அவருக்கு ஓர் இடமும், ஒரு பங்கும், ஒரு துணையும் காத்திருக்குமா என்பதை மட்டும் இந்த அவையில் இருக்கும் நாம் முடிவு செய்யலாம். வரும் பொதுக்கூட்டத்திலேயே அதனைத் தொடங்குவோமாக.

எல்லாம் வல்ல அம்பிகையின் திருவருள் நம் பிள்ளைகளுக்கும், அவர்களை ஆட்டுவிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் என்றும் துணை நிற்க வேண்டுமென வேண்டுகிறேன்.