ஆறாத புண்ணும் ஆற்றும் பொருளும்: நாட்பட்ட நோயைத் தமிழில் சொல்லுதல்



மருத்துவ ஆய்வைப் பற்றிப் பேச மொழியியல் கற்ற ஒருவரை ஏன் அழைத்தார்கள் என்று உங்களுள் சிலர் எண்ணலாம். நோயை ஆராய்வது மருத்துவரின் பணி. அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால், ஆராய்ந்து கண்டது நோயாளியைச் சென்று சேர்வது சொல்லின் வழியாகத்தான். அந்தச் சொல் பழைய விளக்கத்தையே சுமந்து நின்றால், புதிய அறிவு வாசலிலேயே நின்றுவிடும். நீரிழிவு, அதனால் உண்டாகும் ஆறாத புண், அப்புண்ணை ஆற்றப் பயன்படும் பொருள்கள் ஆகிய மூன்றையும் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

பெயர் தரும் விளக்கம்

நம் நாட்டில் இந்த ஒரு நோய்க்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. எழுத்து வழக்கில் 'நீரிழிவு'. தமிழகத்துப் பேச்சிலும் ஊடகங்களிலும் பெருவழக்காகி நமக்கும் பழகிவிட்டது 'சர்க்கரை நோய்'. நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது 'இனிப்புநீர்'. இது மலாய் மொழியின் 'கென்சிங் மானிஸ்' என்பதோடு பொருளொத்தது. மேலைநாட்டார் வழங்கும் 'டயாபெட்டீஸ் மெல்லிட்டஸ்' என்னும் தொடரில் முதற்சொல் கிரேக்கம். கடந்து ஓடுதல் என்பது அதன் பொருள். இரண்டாம் சொல் இலத்தீன். தேன்போல் இனிப்பது என்று பொருள்படும். வடமொழியின் 'மதுமேகம்' என்பதும் தேனையும் சிறுநீரையும் சேர்த்துச் சொல்வதே. நீரிழிவு கிரேக்கச் சொல்லோடும், இனிப்புநீர் இலத்தீன் சொல்லோடும் ஒத்துப்போகின்றன. கண்ணுக்கும் நாவுக்கும் புலப்பட்டதை வைத்தே எல்லா மொழியினரும் பெயரிட்டனர் என்பது இதனால் விளங்கும்.

அறிவு அங்கேயே நின்றுவிடவில்லை. 1776இல் மேத்யூ டாப்சன் என்னும் ஆங்கில மருத்துவர், சிறுநீரின் இனிப்புக்குக் காரணம் சர்க்கரையே என்றும், நோயாளியின் குருதியிலும் அவ்வினிப்பு உண்டு என்றும் காட்டினார். 1889இல் மெரிங், மின்கோவ்ஸ்கி ஆகிய இருவரும், கணையம் நீக்கப்பட்ட நாய்க்கு இந்நோய் வருவதைக் கண்டனர். 1921இல் டொரோண்டோவில் பேண்டிங்கும் பெஸ்ட்டும் கணையச் சாற்றைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. ஆய்வு சிறுநீரிலிருந்து குருதிக்கும், குருதியிலிருந்து கணையத்துக்கும், பின்னர் தசை, கல்லீரல், கொழுப்பு ஆகியவற்றின் உயிரணுக்களுக்கும் சென்றது. பெயர்கள் மட்டும் சிறுநீரிலும் சர்க்கரையிலும் தங்கிவிட்டன.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. குருதியில் சர்க்கரை லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமோல் அளவைத் தாண்டிய பின்னரே அது சிறுநீரில் வெளிப்படும். சிறுநீரில் மாற்றம் இல்லையென்றால் இனிப்புநீரும் இல்லை என்று எண்ணுபவர், அந்த அளவை எட்டும்வரை நோயை அறியாமலே இருப்பார். தேநீரில் சர்க்கரையை நிறுத்திவிட்டேன், ஆகவே சர்க்கரை நோய்க்குரியதைச் செய்துவிட்டேன் என்று நம்புபவர், தட்டு நிறையச் சோறு உண்பார். அச்சோறும் குளுக்கோசாகவே குருதியை அடைகிறது என்பதை 'சர்க்கரை நோய்' என்னும் பெயர் அவருக்குச் சொல்லவில்லை.

புதிதாக ஆக்கிய சொல்லும் சில வேளைகளில் வழி தவறச் செய்யும். 'இன்சுலின் எதிர்ப்பு' என்று மொழிபெயர்க்கிறோம். தமிழில் 'நோய் எதிர்ப்பு' என்பது நலந்தரும் ஆற்றல். அதே வாய்பாட்டில் அமைந்த இச்சொல்லைக் கேட்கும் முதியவர், அதையும் ஒரு நன்மையாகவே கொள்ள இடமுண்டு. நடப்பது வேறு. இன்சுலின் வந்து சேர்கிறது. உயிரணு அதற்குப் போதிய அளவு இணங்குவதில்லை. அதை ஈடுகட்டக் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்லத் தளர்கிறது. ஆகவே 'இன்சுலினுக்கு இணங்காமை' என்பதே பொருத்தமானது என்பது என் கருத்து. மக்கள் நாவில் வாழும் பெயர்களை நாம் மாற்ற வேண்டியதில்லை, மாற்றவும் இயலாது. அப்பெயர்கள் சொல்லாமல் விட்டதைச் சொல்லும் சொற்களை அவற்றின் அருகே வைக்க வேண்டும்.

ஆறாத புண்

குருதியில் மிகுந்த சர்க்கரை புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதிலுள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியுள்ளது என்று பார்த்தே, கடந்த இரண்டு மூன்று மாத நிலையை மருத்துவர் அறிகிறார். முதல்நாள் மட்டும் பட்டினி கிடந்தால் இச்சோதனையை ஏமாற்ற முடியாமைக்கு இதுவே காரணம். இவ்வாறு ஒட்டுவது குருதிக் குழாய்ச் சுவரின் புரதங்களிலும் நிகழ்கிறது. நாளடைவில் நுண்குழாய்களும் நரம்புகளும் கெடுகின்றன. பாதம் உணர்விழக்கிறது, காலணிக்குள் கிடந்த சிறுகல் தோலைக் கிழித்தாலும் வலி தெரிவதில்லை.

இயல்பான புண்ணில் முதலில் குருதி உறைகிறது. அடுத்து அழற்சி தோன்றுகிறது. வெள்ளணுக்கள் வந்து கிருமிகளையும் சிதைந்தவற்றையும் அகற்றுகின்றன. பின்னர் அழற்சி தணிந்து புதுத்திசு வளர்கிறது. இறுதியில் அத்திசு உறுதிப்படுகிறது. நீரிழிவுப் புண் பெரும்பாலும் இரண்டாம் கட்டத்திலேயே சிக்கிக்கொள்கிறது. சுத்தம் செய்ய வந்த வெள்ளணுக்கள் ஆற்றும் பணிக்கு மாறுவதில்லை. புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் மிகுந்து, புதிதாக உருவாகும் கொலாஜனையும் அழிக்கின்றன.

இங்கே தமிழ் நமக்குத் துணைநிற்கிறது. 'அழற்சி' என்பது நெருப்பைக் குறிக்கும் 'அழல்' என்பதன் அடியாகப் பிறந்தது. 'ஆறு' என்னும் வினை சூடு தணிதலையும் புண் குணமாதலையும் ஒருங்கே குறிக்கும். பால் ஆறும்; சினம் ஆறும்; புண்ணும் ஆறும். அழல் தணியாததால் ஆறாத புண் என்று சொன்னால், இன்றைய ஆய்வு கூறும் செய்தியின் மையத்தை எழுத்தறியாத முதியவரும் பற்றிக்கொள்வார்.

உடலோடு இணங்கும் பொருள்

இனி, மருந்தோடு பொருள்களும் சிகிச்சைக்குள் வந்த வரலாற்றைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போரில் விமானிகள் சிலரின் கண்களுக்குள் விமான மேற்கூரையின் அக்ரிலிக் சில்லுகள் பாய்ந்தன. அவற்றால் கடும் அழற்சி தோன்றவில்லை என்பதை ஹெரால்டு ரிட்லி என்னும் கண் மருத்துவர் கவனித்தார். 1949 நவம்பரில் லண்டனில், கண்புரை நீக்கிய கண்ணுக்குள் அக்ரிலிக் வில்லையை வைத்தார். இன்று எத்தனையோ தாத்தா பாட்டிமார் படிப்பது அதன் வழிவந்த வில்லைகளால்தான்.

உடலுக்குள்ளோ உடலோடு ஒட்டியோ இருந்து பணிபுரியும் இத்தகைய பொருளைச் சிலர் 'உயிர்ப்பொருள்' என்கின்றனர். டைட்டானியம் ஓர் உலோகம், அக்ரிலிக் ஒரு நெகிழி, இவற்றுக்கு உயிரில்லை. 1987இல் டேவிட் வில்லியம்ஸ் முன்வைத்த விளக்கமும் பொருளின் பிறப்பைப் பற்றிப் பேசுவதன்று. குறிப்பிட்ட ஒரு பணியில், உடலிடமிருந்து தக்க எதிர்வினையைப் பெற்றுச் செயல்படும் தன்மையே அவ்விளக்கத்தின் கரு. உடல் வாளாவிருக்க வேண்டும் என்பதன்று. தக்கவாறு ஏற்க வேண்டும் என்பதே. இணக்கம் என்பதும் இருவர்க்கிடையே நிகழ்வது. எனவே 'உடலிணக்கப் பொருள்' என்பதை உங்கள் ஆய்வுக்கு வைக்கிறேன்.

இவ்வகையுள் ஒன்று ஐதரோஜெல். 1960இல் செக் நாட்டு வேதியியலாளர்கள் விக்டர்லேயும் லிம்மும் உடலுக்கு ஏற்ற இத்தகைய நீர்மென்பொருளை அறிவித்தனர். மென்மையான கண் ஒட்டுவில்லை அதிலிருந்து பிறந்தது. இதனை விளக்க நம் சமையலறையே போதும். அகார்-அகார் செய்யும்போது கடற்பாசியின் நீண்ட மூலக்கூறுகள் வலைபோல் பின்னி நீரைப் பிடித்துவைக்கின்றன. ஐதரோஜெல்லும் அத்தகைய வலையே. உலர்ந்த புண்ணுக்கு அது ஈரம் தரும். கசியும் புண்ணின் நீரை உறிஞ்சப் பழுப்புக் கடற்பாசியிலிருந்து பெறும் அல்ஜினேட் உதவும்.

மற்றொன்று, புதுத்திசு படர்ந்து வளர்வதற்கான நுண்துளைச் சட்டகம். கட்டடத் தொழிலாளரின் 'சாரம்' இதற்குப் பொருத்தமான உவமை. ஆனால் 'சாரம்' பிழிவையும் குறிக்குமாதலால், 'திசுச் சாரம்' என்றால் திசுவின் சாறு என்று மயங்க நேரும். 'திசுச் சாரக்கட்டு' என்றால் மயக்கமில்லை. கட்டடச் சாரத்தை ஆள் வந்து பிரிக்க வேண்டும். இவற்றுள் பல, பணி முடிய முடியத் தாமே கரைந்துவிடும். இவ்வேறுபாட்டையும் சொன்னால் விளக்கம் நிறைவுறும்.

உடல் இணங்க மறுப்பதும் உண்டு. 1980இல் லிம், சன் ஆகிய ஆய்வாளர்கள் இன்சுலின் சுரக்கும் கணையத் திட்டுகளை அல்ஜினேட் நுண்ணுறைக்குள் இட்டு எலிகளுக்குள் வைத்தனர். நீரிழிவு இரண்டு மூன்று வாரங்கள் அடங்கியிருந்தது. அயற்பொருளைச் சுற்றி உடல் நார்த்திசுவால் மதிலெழுப்பிவிடுவதும், உள்ளிருக்கும் உயிரணுக்கள் உயிர்வளியின்றி மடிவதும் இத்துறையின் பெருந்தடைகளாயின. அந்த மதிலைத் தூண்டாத பொருளைத் தேடும் முயற்சி இன்றும் தொடர்கிறது.

கேள்விக்கு இடந்தரும் சொல்

கலைச்சொல் தூய்மையாக இருக்கிறதா, சுருக்கமாக இருக்கிறதா என்று நெடுங்காலம் விவாதித்து வந்திருக்கிறோம். மருத்துவத்தில் இவற்றுக்கு முன்வைக்க வேண்டிய அளவுகோல் ஒன்று உண்டு: அச்சொல்லைக் கேட்டவர் அடுத்த கேள்வியைக் கேட்க முடிகிறதா? புண்ணில் வைக்கும் கொலாஜன் பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுக்கப்படுவது. பல சமயத்தார் வாழும் நம் நாட்டில் இது சிறிய செய்தியன்று. 'ஒரு நவீன மருந்து வைக்கிறார்கள்' என்று பெயர்த்துச் சொன்னால் நோயாளி தலையசைப்பார். 'ஒரு சாரக்கட்டு வைக்கிறார்கள்' என்றால், 'எதனால் செய்தது? எவ்வளவு நாள் இருக்கும்?' என்று கேட்பார். முன்னது தலையசைப்பு, பின்னதே ஒப்புதல்.

இப்பணி மாணவராகிய உங்களிடம் எப்படி வருகிறது? 2023ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களுள் 15.6 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு உண்டு. அதாவது ஏறத்தாழ ஆறில் ஒருவர். மருத்துவரின் அறையில் பாட்டிக்கும் மருத்துவருக்கும் நடுவே அமர்ந்து மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் பேரப்பிள்ளையே. தமிழ்ப்பள்ளியில் அறிவியலைத் தமிழில் கற்றவர்க்கும் அவ்வாய்ப்பு ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. பன்னிரண்டு வயதுச் சொல்வளத்தைக் கொண்டு, எழுபது வயது நோயைப் பெயர்க்கும் நிலையில் அப்பிள்ளை நிற்கிறது.

தமிழால் இயலும் என்பதற்கு முன்னோடி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிரீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மாணவர் துணையோடு மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். அவர் பாடம் நடத்தியது நோயாளியின் மொழியில்.

இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுவே. ஆண்டுக்கு ஒரு முறையேனும், மாணவர் தம் குடும்பத்தில் உள்ள ஒரு நாட்பட்ட நோயைப் பற்றி ஒரு பக்கம் எழுதட்டும். வீட்டில் அதற்கு வழங்கும் பெயர் என்ன, அப்பெயர் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று எழுதட்டும். அறிவியல் ஆசிரியர் உண்மையைச் சரிபார்க்கட்டும். தமிழாசிரியர் சொல்லைச் சரிபார்க்கட்டும். பின்னர் அதை வீட்டுப் பெரியவர்க்கு உரக்கப் படித்துக் காட்டட்டும். கேட்டு முடித்து அவர் ஒரு கேள்வி கேட்டால், அந்தத் தமிழ் தன் பணியைச் செய்தது என்று கொள்ளலாம்.